செம்புத் தகட்டில் கொச்சி ராஜா
பழைய அச்சுப் படங்கள்: சரித்திரமா, சரக்கா?

மட்டாஞ்சேரி யூதத் தெரு. மிளகு மூட்டைகள் கைமாறிய இடத்தில் இன்று பழம்பொருள் வியாபாரம். இங்கே பழைய அச்சுப் படம் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. இதைச் செதுக்கியவர் கொச்சியைப் பார்த்தாரா என்பதை.

அந்நிய மக்களின் உடையையும் தொழிலையும் படமாக்கி விற்பது 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நல்ல வியாபாரம். துருக்கியரின் தலைப்பாகையையும் அங்கியையும் பிரெஞ்சுக்காரரான நிக்கொலா தெ நிக்கொலே புத்தகமாக்கினார். நம் மேற்குக் கரைக்கு அதைச் செய்தவர் டச்சுக்காரரான யான் ஹுய்கன் வான் லின்ஸ்கோட்டன். 1583-ல் கோவா வந்து பேராயரின் செயலாளராக இருந்தவர். 1589-ல் கொச்சியிலிருந்து கப்பலேறினார். 1596-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவரது 'இட்டினராரியோ'வில் யானை மேல் கொச்சி ராஜா, சுற்றிலும் ஆயுதம் ஏந்திய நாயர்கள். பல்லக்கு, மீன்பிடிப் படகு, உழவர், வணிகர் எல்லாரும் உண்டு.

ஆனால் செம்புத் தகட்டில் செதுக்கியவர்கள் ஹாலந்தின் டூட்டகம் குடும்பத்தார். பார்த்தவர் ஒருவர், செதுக்கியவர் வேறொருவர். பிறகு பிராங்பர்ட்டின் தெ பிரை குடும்பத்தார் அதே படங்களை மாற்றிச் செதுக்கித் தங்கள் தொகுப்பில் சேர்த்தார்கள். பார்த்தவருக்கும் படத்துக்கும் இடையே தூரம் கூடியது.

அசலைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தகட்டின் கீறல்களில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் ஓரத்தில் தகடு பதிந்த தடம் விழும். பூதக்கண்ணாடியில் கோடுகள் கோடுகளாகவே தெரியும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது நம் காலத்து ஆப்செட் அச்சு.

அசலாக இருந்தாலும் ஒரு சங்கடம். பழைய புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் பக்கமாக விற்றால் லாபம் அதிகம். உலகெங்கும் பல அரிய நூல்கள் இப்படித்தான் சிதைந்தன. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படத்துக்கு அதை விளக்கும் எழுத்து இல்லை. யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்பதும் போய்விடும். மிஞ்சுவது அலங்காரம்.

லின்ஸ்கோட்டனின் புத்தகம் அலங்காரத்துக்காக எழுதப்பட்டதல்ல. போர்ச்சுகீசியர் ரகசியமாக வைத்திருந்த கடல் வழிகளை அவர் டச்சுக்காரர்களுக்குச் சொன்னார். கப்பல்கள் வந்தன. 1663-ல் கொச்சி டச்சுக்காரர் கையில். போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையை அவர்கள் பழுது பார்த்தார்கள். பெயரே 'டச்சு அரண்மனை' ஆகிவிட்டது.

யானை மேல் ராஜா கம்பீரமாகத்தான் இருக்கிறார். அவரைச் சுமந்து சென்ற புத்தகம் யாரைத் திருப்பி அழைத்து வந்தது என்பதைக் கிழித்தெடுத்த ஒற்றைப் பக்கம் சொல்லாது.