பிரஷர் நார்மல்தான்; மாத்திரையை நிறுத்தலாமா?

"பிரஷர் நார்மலா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அதான் மாத்திரையை விட்டுட்டேன்." ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போடும் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். டாக்டர் சொன்னது சரிதான். அதைக் கேட்டு எடுத்த முடிவுதான் ஆபத்து.

பலருக்கும் எழுதித் தரப்படும் அம்லோடிபினையே பார்ப்போம். ரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. கால்சியம் உள்ளே புகுந்தால்தான் அந்தத் தசை இறுகும். அம்லோடிபின் அந்த வழியை அடைக்கிறது. தசை தளர்ந்து குழாய் விரிய, அழுத்தம் இறங்குகிறது. மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் இந்த வேலை நடக்கும்; நோய் அங்கேயேதான் இருக்கிறது. 130/80 என்று சீட்டில் எழுதியிருப்பது மாத்திரை போட்டதால் வந்த அளவு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்லோடிபின் பாதியளவு வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாள் போய்ப் பார்த்தாலும் அளவு நன்றாகவே இருக்கக்கூடும். 'நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே' என்ற தைரியம் அங்கேதான் பிறக்கிறது. பிறகு அழுத்தம் மெல்ல ஏறும்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை. உடம்பும் காட்டிக்கொடுக்காது. தலைசுற்றினால்தான் பிரஷர் என்று நம்புகிறோம். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மூளை, இதயம், சிறுநீரகம் என்று உள்ளுக்குள் சேதம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். அட்டெனோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியையே கிளப்பிவிடும்.

காரணமில்லாமல் யாரும் மாத்திரையை விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். எடையையும் உணவில் உப்பையும் குறைத்தவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைப்பதும் உண்டு. ஆனால் அது அவர் பார்த்துச் செய்ய வேண்டியது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை அழுத்தத்தை ஏற்றிவிடும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அளக்கும் முறை 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் கொரோட்காஃப் சொன்னது. கையில் பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டம் நிற்கும்வரை காற்றடித்து, மெல்ல இறக்குகிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்புச் சத்தம் முதலில் கேட்கும் இடம் மேல் அளவு. சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. எளிய முறைதான், ஆனால் சுலபமாகத் தப்பாகிவிடும். கை தொங்கிக்கொண்டு, இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலே ஏழெட்டுப் புள்ளி கூடுதலாகக் காட்டும். பேசிக்கொண்டிருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், சற்றுமுன் காபி குடித்திருந்தாலும் ஏறும். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்த உடனே கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது தவறல்ல. ஒருமுறை 140/90-ஐத் தாண்டிவிட்டது என்று பதறவும் வேண்டாம். வேறொரு நாளும் அளந்து பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்வார்கள்.

உப்பு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவுதான் அது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

மாத்திரைக்காகச் செலவழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

முகம் ஒருபக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ வீட்டில் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற நாட்களில், மாத்திரையை நிறுத்தும் எண்ணம் வந்தால், நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.