முகாமுக்குப் போகும் பிள்ளையும் மறைத்துவைத்த காய்ச்சலும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தன்முனைப்பு முகாம், சமய முகாம், தலைமைத்துவ முகாம் என்று ஏதாவதொன்று வந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ மூன்று நாள் தங்கல். லயத்தையும் செம்பனைக் காட்டையும் விட்டு வெளியே போகாத பிள்ளை, வேறு தோட்டத்துப் பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுத்து, மேடையேறி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புகிறது. அந்த நாலு வார்த்தையின் அருமை பெற்றவர்களுக்குத் தெரியும். ஆகவே, "ஊரெல்லாம் காய்ச்சல், முகாமே வேண்டாம்" என்று எடுத்த எடுப்பில் சொல்ல நாம் வரவில்லை. எப்படி நடத்தினால் பிள்ளை போனபடியே வீடு வந்து சேரும் என்பதுதான் இங்கே பேச்சு.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது முகாம் என்ற பேச்சே எழவில்லை. 2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 அவசர நிலையை முடித்துவைத்தது. அதோடு எல்லாம் தீர்ந்தது என்று மூச்சு விட்டோம். ஆனால் 2025 அக்டோபரில் என்ன நடந்தது? நாடு முழுவதும் ஏறக்குறைய 6,000 மாணவர்கள் இன்ஃபுளுவென்ஸாவில் விழுந்தார்கள். சில பள்ளிகளைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று. கிருமியின் பெயர் மாறலாம். ஒரே கூரையின் கீழ் நூறு பிள்ளைகள் படுத்தெழும்போது அது பரவுகிற வழி மாறுவதில்லை.

இதற்கு அமெரிக்காவில் 2020இல் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஜூன், ஜூலை மாதங்கள் கோடை விடுமுறை. பிள்ளைகளை வாரக்கணக்கில் முகாமுக்கு அனுப்புவது வழக்கம். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு முகாம். நடத்தியவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வருகிற ஒவ்வொருவரும் 12 நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் நோயில்லை என்று தாள் காட்டியாக வேண்டும் என்றார்கள். ஊழியர்கள் முகக்கவரி அணிந்தார்கள். ஆனால் இரண்டு காரியங்களை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு முகக்கவரி இல்லை; கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் செய்யவுமில்லை. ஒரு குடிலுக்குச் சராசரி 15 பேர் படுத்தார்கள். நாள்தோறும் உரக்கப் பாட்டு, ஆரவாரம்.

ஜூன் 21ஆம் நாள் பிள்ளைகள் வந்தார்கள். ஜூன் 22 இரவு இளவயது ஊழியர் ஒருவருக்குக் குளிர் எடுத்தது. மறுநாள் அவர் வீடு போனார். 24ஆம் நாள் அவருக்குக் கோவிட் என்று தெரிந்தது. அன்றே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கி, 27ஆம் நாள் முகாமை மூடினார்கள். காலம் கடந்துவிட்டது. ஜார்ஜியாவைச் சேர்ந்த 597 பேரில் 260 பேருக்கு நோய் உறுதியானது. அதாவது 100க்கு 44 பேர். 6 முதல் 10 வயதுள்ள சின்னஞ்சிறுசுகளில் பாதிப்பேருக்கு மேல். அதுவும் எல்லோரையும் பரிசோதித்த கணக்கல்ல. 344 பேரின் முடிவுதான் கிடைத்தது. முன்கூட்டியே வந்து அதிக நாள் தங்கிய ஊழியர்களுக்குத்தான் அதிகமாகத் தொற்றியது, 100க்கு 56.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நோய் கண்டவர்களில் 136 பேரிடம் விவரம் கேட்டபோது, 36 பேருக்கு எந்த அறிகுறியுமே இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆடிப்பாடித் திரிந்தார்கள். நாம் வாசலில் நின்று நெற்றியில் சூட்டுமானியைக் காட்டிவிட்டு "சரி, உள்ளே போ" என்கிறோமே, அந்தக் கருவி இந்த 36 பேரில் ஒருவரையும் பிடித்திருக்காது.

பரிசோதனைத் தாளை நம்பி ஏமாந்த கதை இன்னொன்றும் உண்டு. அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு முகாம், 152 பேர். வருவதற்கு முன் ஒரு வாரத்துக்குள் பரிசோதித்து, நோயில்லை என்று வந்த ஒரு மாணவனுக்கு, வந்த மறுநாளே தொண்டைவலியும் குளிரும். வந்து சேர்ந்தபின் முகக்கவரியும் இல்லை, குழு பிரிக்கவுமில்லை. முடிவில் 116 பேருக்கு உறுதியாகவோ பெரும்பாலும் அதுதான் என்றோ கணக்கிட்டார்கள். நல்ல வேளையாக யாரும் மருத்துவமனையில் படுக்கவில்லை. கிருமி உடலுக்குள் புகுந்து சில நாள் பதுங்கியிருக்கும். அந்த நாட்களில் பரிசோதித்தால் கருவி "இல்லை" என்றுதான் காட்டும். நேற்று நல்ல பிள்ளை இன்றைக்கும் நல்ல பிள்ளை என்பதற்கு உத்தரவாதம் ஏது?

அப்படியானால் முகாம் நடத்தவே முடியாதா? முடியும். அதே 2020 கோடையில் மேய்ன் மாநிலத்தில் நான்கு தங்கும் முகாம்கள் நடந்தன. பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், மொத்தம் 1,022 பேர். முகாமுக்கு முன் 10 முதல் 14 நாள் வீட்டிலேயே ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். வருமுன் ஒரு பரிசோதனை, வந்து சில நாள் கழித்து மறுபடியும் ஒரு பரிசோதனை. பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, குழு குழுவோடு மட்டுமே உண்டு உறங்கி விளையாடும்படி வைத்தார்கள். குழுவுக்கு வெளியே போனால் முகக்கவரி. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி திறந்தவெளியில். அங்கே இரண்டாம் பரிசோதனையில் மூன்று பேருக்கு நோய் தெரிந்தது. மூவருக்கும் அறிகுறி கிடையாது. அவர்களைத் தனியே வைத்து, அவர்கள் குழுவையும் ஒதுக்கி வைத்தார்கள். அந்த மூவரிடமிருந்து வேறு ஒருவருக்கும் தொற்றவில்லை!

இரண்டு இடத்திலும் அதே கிருமி. தடுப்பூசி வராத காலம். மேய்ன்காரர்களிடமும் அதிசய மருந்து எதுவும் இல்லை. ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும்படி நாலைந்து தடைகளை அடுக்கிவைத்தார்கள், அவ்வளவே.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். பத்து நாள் வீட்டில் ஒதுங்கியிரு என்று ஒரு லயன் வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? தந்தை ஆலையில், தாய் காட்டில், பிள்ளை பாட்டியிடம். நடக்காத காரியத்தை விட்டுவிட்டு, கைக்கு எட்டுவதைப் பார்ப்போம்.

முதல் காரியம் காற்று. பூட்டிய மண்டபத்தின் ஒரு மூலையில் சாம்பிராணி போட்டால், கொஞ்ச நேரத்தில் மறுமூலையில் இருப்பவனுக்கும் வாசம் வருகிறதல்லவா? நோயாளி பேசும்போதும் பாடும்போதும் மூச்சில் வரும் நுண்துளிகள் அப்படித்தான் சுற்றுகின்றன. உரக்கக் கத்தினால் இன்னும் அதிகமாக வரும். ஆகவே நாக்கோ சன்னல்களை எல்லாம் திறந்துவையுங்கள். மேலே சுழலும் விசிறி உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் கலக்குகிறது. ஒரு மேசை விசிறியைச் சன்னலோரம் வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் பழைய காற்றை அது வெளியே தள்ளும். குளிர்சாதனம் போட்ட மண்டபம் கிடைத்தது என்று பெருமைப்படாதீர்கள்; இந்தக் காரியத்துக்குப் பள்ளித் திடலில் போட்ட கூடாரமே மேல். "சன்னலைத் திறந்தால் கொசு வருமே" என்பீர்கள். நியாயம்தான், டிங்கிக் காய்ச்சலும் நமக்குப் புதிதல்ல. அதற்குக் கொசுவலை கட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கொசுத்தைலம் பூசுங்கள், முகாமுக்கு முன் சுற்றுப்புறத்தில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். சன்னலைச் சாத்துவது அதற்கு மருந்தாகாது.

"சத்தம் போதாது, இன்னும் சத்தமாக!" என்று பிள்ளைகளைக் கத்தவைக்காமல் தன்முனைப்பு முகாம் நடத்தத் தெரியாதா என்று கேட்கத் தோன்றுகிறது. தொண்டை கிழியக் கத்துவதால் துணிவு வந்துவிடும் என்று யார் சொன்னார்களோ! கத்தித்தான் தீரவேண்டுமென்றால் திடலில் நின்று கத்தட்டும்.

இரவுதான் ஆபத்தான நேரம். எட்டு மணி நேரம் ஒரே காற்று. நூறு பேரையும் ஒரே மண்டபத்தில் வரிசையாகப் படுக்கவைக்காமல், வகுப்பறைக்குப் பத்துப் பேர் என்று பிரியுங்கள். ஒருவன் தலை வைத்த பக்கம் அடுத்தவன் கால் வைக்கட்டும். எந்தப் பத்துப் பேர் ஒன்றாகப் படுக்கிறார்களோ, அவர்களே ஒன்றாகச் சாப்பிடவும் விளையாடவும் வேண்டும். அண்ணன் தம்பி, ஒரே லயத்துப் பிள்ளைகள் ஒரே குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஏற்கனவே ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள். சாப்பாட்டை மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுவது ஒருவர் கையாக இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டியில் அவரவர் பெயர். கைக்குச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். பூசிக்கொள்ளும் கிருமிநாசினி, சிறு பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமியிடம் அவ்வளவாகச் செல்லாது.

நோய் ஊரில் உச்சத்தில் இருக்கும்போது? இந்தப் பகுதியின் கருத்து இதுதான்: இரவு தங்கலை விட்டுவிடுங்கள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல் முகாமாக்கினால் ஆபத்தில் பெரும்பங்கு குறைந்துவிடும். பிள்ளைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், என்ன செய்வது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. முகாமுக்கு நோய் எப்படி நுழைகிறது? பெரும்பாலும் தெரியாமல். சில வேளை தெரிந்தே. காலையில் பிள்ளைக்கு உடம்பு கதகதவென்று இருக்கிறது. ஆனால் முகாம் கட்டணம் கட்டியாயிற்று. பிள்ளை ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றால் ஒருநாள் சம்பளம் போகும். "சும்மா காய்ச்சல்தானே" என்று ஒரு பெனடோலைக் கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிறோம். மருந்து சூட்டை இறக்கும், வாசலில் சூட்டுமானியும் ஏமாறும். கிருமி எங்கும் போகாது.

இப்படிச் செய்கிற தாயைத் திட்டிப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் நட்டம், மறைத்தால் லாபம் என்று நாமே விதி வைத்திருக்கிறோம். அந்த விதியைத் திருப்பிப் போடுங்கள். காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்று சொல்லிப் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் கட்டிய பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும், அடுத்த முகாமில் அந்தப் பிள்ளைக்கே முதலிடம் என்று விண்ணப்பத் தாளிலேயே அச்சிடுங்கள். கிளைச் செயலாளர்கள் இதைக் கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றிவிடலாம். நடுவில் காய்ச்சல் கண்ட பிள்ளையை இரவு 11 மணிக்கு யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது? தந்தை இரவு வேலையில் இருப்பார், மோட்டார் சைக்கிளில் அரைமணி தூரம் வரவேண்டும். அதற்கு ஒரு வாகனத்தையும் எண்ணெய்ச் செலவையும் முகாம் கணக்கிலேயே முன்கூட்டி ஒதுக்குங்கள்.

வாகனம் வரும்வரை பிள்ளையை வைத்திருக்க ஓர் அறை வேண்டும். சாமான் கிடங்கில் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். சன்னலுள்ள அறை, தனிக் கழிப்பறை, முகக்கவரி அணிந்து பக்கத்தில் இருக்கப் பெரியவர் ஒருவர். மற்றப் பிள்ளைகள் "கொரோனா, கொரோனா" என்று கேலி செய்வார்கள். அதை அங்கேயே அடக்குங்கள். ஒரு பிள்ளை கேலிக்கு ஆளாவதைப் பார்த்த மற்ற ஒன்பதும் தம் தலைவலியை வாய் திறந்து சொல்லாது.

மருந்து கொடுப்பதிலும் கவனம். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. இன்ஃபுளுவென்ஸா, அம்மை போன்ற நோய் கண்ட பிள்ளைக்கு அது மூளையையும் ஈரலையும் கெடுக்கும் அரிய நோயைக் கொண்டுவரக்கூடும். டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவை அதிகமாக்கும். பேரசிட்டமோல் போதும், அதுவும் பிள்ளையின் எடைக்குத் தக்க அளவு. மூச்சு வேகமாக இரைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூட இறங்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ, "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சு வேண்டாம். நேரே மருத்துவமனை. ஆஸ்த்மா உள்ள பிள்ளையின் இழுப்பு மருந்து பையில் இருக்கிறதா என்று வேன் ஏறுமுன் பெற்றோரே பார்த்துவிட வேண்டும்.

ஒரே குழுவில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகக் காய்ச்சல் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். சொன்னால் முகாமுக்குக் கெட்ட பெயர் என்று சிலர் தயங்குவார்கள். நோயோடு நூறு பிள்ளைகள் இருபது தோட்டத்துக்குத் திரும்பிப்போய், அங்கே நீரிழிவுள்ள பாட்டிக்கும் ஆயாக்கொட்டகைக் கைக்குழந்தைக்கும் கொடுத்தால் மட்டும் நல்ல பெயரா?

ஆற்றுக் குளியல் உள்ள முகாம்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் இருமலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எலிக்காய்ச்சல் கண்ணில் படாமல் போகும். 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த சாகசப் பந்தயத்துக்குப் பிறகு வெளிநாட்டு வீரர்கள் பலருக்கு அது வந்தது. செகாமா ஆற்றில் நீந்தியதே காரணமென்று கண்டார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் என்ன செய்யும் என்று செம்பனைக் காட்டில் வேலை செய்யும் உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குப் பின் கலங்கிய ஆற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள், காலில் புண் உள்ளவனைக் கரையிலேயே நிறுத்துங்கள்.

பெயர்ப் பட்டியலை முகாம் முடிந்த அன்றே குப்பையில் போடுகிறோம். குறைந்தது ஒரு மாதமாவது வைத்திருங்கள்: யார் எந்த அறையில் படுத்தார்கள், வீட்டுத் தொலைபேசி எண் என்ன என்பதோடு. முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: பிள்ளை முகாமில் தங்கியிருந்தது, எத்தனை பேரோடு படுத்தது, ஆற்றில் குளித்ததா இல்லையா என்று.