'ஃபொஸ்டர்': வளர்ப்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்

எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருக்கிறா. மௌத்தாகிப்போன தங்கையின் மகளைப் பத்து வருடமாகத் தன் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்து வருகிறா. அந்தப் பிள்ளைக்காக வந்த ஒரு விண்ணப்பப் படிவத்தில், ஆங்கிலத்தில் 'ஃபொஸ்டர் மதர்' என்றிருந்த இடத்தில் தமிழில் 'தத்தெடுத்த தாய்' என்று அச்சிட்டிருந்தார்கள். ராத்தா ஒப்பம் வைக்க மறுத்துவிட்டா. "புள்ளைய எடுத்து வளத்தது மெய்தான் தம்பி. ஆனா அதுட வாப்பாட பேர நான் மாத்தல்லயே. பொய்க்கு எப்படி ஒப்பம் வெக்கிற?" என்று கேட்டா.

ராத்தா கேட்டது மொழியளவிலும் சரியான கேள்வி.

'ஃபொஸ்டர்' (சுவரில் ஒட்டும் போஸ்டர் வேறு) பழைய ஆங்கிலச் சொல். உணவு, போஷாக்கு என்பதே அதன் மூலப்பொருள். உணவைக் குறிக்கும் 'ஃபூட்', மாட்டுத் தீனியைக் குறிக்கும் 'ஃபொடர்' ஆகியவையும் அதே வேரில் முளைத்தவைதான். ஆக, சோறு போடுவதுதான் அதன் முதல் அர்த்தம். ஒரே தாயிடம் பால் குடித்து அல்லது ஒரே வீட்டில் வளர்ந்து, வேறு வேறு பெற்றோருக்குப் பிறந்தவர்களை 'ஃபொஸ்டர் பிரதர்' என்று ஆங்கிலேயர் பழங்காலத்திலேயே அழைத்தார்கள்.

'அடொப்ட்' என்பது அப்படியல்ல. அது எடுத்துக்கொள்வது, தன்னுடையதாக்குவது. இங்கிலாந்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையில் 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டமும் அதற்கு வழி செய்தன. அதிலே பெற்றோர் என்ற சட்ட உரிமையே கைமாறுகிறது. 'ஃபொஸ்டர்' செய்கிறவர் பிள்ளையைப் பராமரிக்கிறார். பிள்ளை பிறந்த குடும்பத்தின் பிள்ளையாகவே இருக்கிறது.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்தவர் பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமா (ரழி) அவர்கள். ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களை மக்கள் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைத்து வந்தார்கள். அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கிய பின், அவர் தன் தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட்டார். வளர்ப்பது நன்மை, வம்சத்தை மாற்றுவது கூடாது என்பது இதன் சாரம். வளர்த்த பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் சொத்தில் மூன்றிலொன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்யலாம். 'வளர்ப்பு' என்ற இடத்தில் 'தத்து' என்று எழுதினால் இத்தனையும் குழம்பிப்போகும்.

பிள்ளையை விட்டு மற்ற விஷயங்களுக்கு வருவோம். நம்பிக்கை, நட்பு, ஒற்றுமை, வாசிப்புப் பழக்கம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் 'ஃபொஸ்டர்' செய்யலாம். சந்தேகத்தையும் பகையையும் கூடச் செய்யலாம். இந்த வினை நல்லது கெட்டது பார்ப்பதில்லை. எதற்குத் தீனி போடுகிறோமோ அது வளரும்.

நமது திட்ட அறிக்கைகளிலோ 'ஃபொஸ்டர்', 'ப்ரமோட்', 'என்கரேஜ்' மூன்றுக்கும் 'ஊக்குவித்தல்' என்ற ஒரே சொல்தான். ஊக்குவிக்க ஒரு நல்ல வார்த்தை போதும். 'ப்ரமோட்' பலரறிய முன்தள்ளுவது. 'ஃபொஸ்டர்' நாளாந்தம் கவனித்து, பொறுமையாக வளர்ப்பது. இலக்கணமும் வேறு. 'பிள்ளைகளை வாசிக்கும்படி என்கரேஜ் செய்தார்' எனலாம். அந்த இடத்தில் 'ஃபொஸ்டர்' நில்லாது. பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தைத்தான் 'ஃபொஸ்டர்' செய்ய முடியும்.

தமிழில் ஒரே சொல்லைத் தேடி அலையத் தேவையில்லை. எதை வளர்க்கிறோம் என்று பார்த்தால் போதும். பிள்ளை என்றால் 'எடுத்து வளர்த்தார்'. இரண்டு ஊருக்கிடையே நல்லுறவு என்றால் 'பேணி வளர்த்தார்கள்'. ஆசை என்றால் 'மனதில் வளர்த்துக்கொண்டிருந்தான்'. வதந்தி சந்தேகத்துக்குச் செய்வதைச் சொல்ல 'தீனி போட்டது' என்ற பேச்சுவழக்கே போதும். அது மூலச்சொல்லின் பொருளையே தொட்டுவிடுகிறது. வளர்ப்பவளுக்குச் 'செவிலி' என்ற சொல்லைச் சங்கப் பாடல்கள் வைத்திருக்கின்றன. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். இருவருக்கும் தாய் என்ற பெயர் உண்டு, ஒருத்தி இடத்தை மற்றவள் பறிக்கவில்லை.

ராத்தாவின் படிவத்தில் 'தத்தெடுத்த தாய்' என்பதை வெட்டி, மேலே 'வளர்ப்புத் தாய்' என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளையின் தகப்பன் பெயரை அதற்குரிய இடத்தில் எழுதினோம். இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ராத்தா ஒப்பம் வைத்தா.