ஒரு ரப்பர் வளையத்தின் விலை

நின்றுகொண்டிருக்கும் காரின் பிரேக் மிதியைச் சீராக அழுத்தியபடியே சிறிது நேரம் பிடித்திருங்கள். மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறதா? வெளியே எங்கும் கசிவும் இல்லையா? அப்படியானால் முதலில் ஐயுற வேண்டியது 'மாஸ்டர் சிலிண்டர்' எனப்படும் தலைமை உருளையைத்தான். "கெட்டது உள்ளேயுள்ள ரப்பர் வளையந்தானே, உருளை முழுவதையும் ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். விடை உருளைக்குள்ளேயே இருக்கிறது.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி இது. உங்கள் கால் 20 கிலோகிராம் விசையுடன் மிதிப்பதாகக் கொள்வோம். மிதியின் நெம்புகோல் அமைப்பு அதை ஐந்து மடங்காக்கினால் 100 கிலோகிராம் ஆகும். உருளையிலுள்ள பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் எனில், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் எனில், அங்கே கிடைப்பது 500 கிலோகிராம் விசை!

இந்த அழுத்தத்தில் திரவம் பின்னோக்கி நழுவாமல் காப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே. அது தேய்ந்தால் திரவம் அதைக் கடந்து தன் தொட்டிக்கே திரும்பிவிடும். தொட்டியில் மட்டம் குறையாது. பிரேக் மட்டும் பிடிக்காது!

வளையம் ஏன் கெடுகிறது? 'பிரேக் ஆயில்' என்று வழங்கினாலும் அது பெரும்பாலும் எண்ணெயன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். ஈரம் சேரச் சேர உருளையின் உட்சுவர் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகிறது. அதில் உரசி வளையம் கிழிகிறது. அதே சுவரில் புது வளையத்தைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கிழியும். சுவர் வழவழப்பாக இருந்தால் மட்டுமே வளையத்தை மாற்றினால் போதும்.

உருளையின் விலையோடு செலவு முடிவதில்லை. புதுத் திரவம் வேண்டும். கழற்றியபோது குழாய்களில் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஏனெனில் காற்று அமுங்கும், திரவத்தைப்போல் விசையைக் கடத்தாது. ஆகவே இக்கூலியை மிச்சம் பிடிக்க முடியாது.

தொட்டியில் தவறுதலாக எஞ்சின் ஆயிலை ஊற்றினால் செலவு இன்னும் பெருகும். எல்லாச் சக்கரங்களிலுமுள்ள ரப்பர் உறுப்புகளும் உப்பிக் கெட்டுவிடும்.

பல கார்களின் கையேடுகள் இரண்டாண்டுக்கு ஒரு முறை பிரேக் திரவத்தை மாற்றச் சொல்கின்றன. அந்தச் சிறு செலவே பெருஞ்செலவைத் தள்ளிப்போடும். மிதி இறங்கத் தொடங்கிய காரையோ, பழுது பார்க்கும்வரை ஓட்டவே கூடாது.