முதல் பொய்யை மன்னிக்கலாம்

மைக்கேல் கிரைட்டன் 1990-ல் எழுதிய ‘ஜுராசிக் பார்க்’ நாவலில் உடம்பைச் சிலிர்க்க வைக்கும் ஒரு காட்சியில் டைனோசரே வராது. டைனோசர்களை மீண்டும் உருவாக்கி வளர்க்கும் தீவுப் பூங்காவின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினித் திரை இருக்கிறது, அவ்வளவுதான். தீவெங்கும் பொருத்திய கேமராக்களின் உதவியோடு அது விலங்குகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. இருக்க வேண்டியவை 238, இருப்பவை 238. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பூங்காவின் ஆட்கள் பெருமையோடு காட்டுகிறார்கள். இயன் மால்கம் என்ற கணித அறிஞர் மட்டும், 239 விலங்குகளைத் தேடச் சொல்லிப் பாருங்கள் என்கிறார். திரையில் 239 வருகிறது. 300 என்று கேட்டால் எண்ணிக்கை 292-ல் போய் நிற்கிறது. விலங்குகள் தப்பிக் குறைந்துவிடுமோ என்ற கவலையில் எழுதப்பட்ட நிரல் அது. எதிர்பார்த்த எண் வந்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொள்ளும். கூடிப்போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காரணம், எல்லாவற்றையும் பெண் விலங்குகளாகவே உருவாக்கியிருந்தார்கள்.

ஒரு துளி ரத்தம் சிந்தாத இந்தப் பக்கங்கள் ஏன் வயிற்றில் புளியைக் கரைக்கின்றன? வாசகருக்குத் தேவையான தகவல்களையெல்லாம் நாவல் ஏற்கெனவே கையில் கொடுத்துவிட்டது. டைனோசரின் மரபணுவில் இருந்த இடைவெளிகளைத் தவளை மரபணுவால் நிரப்பியது தெரியும். ஒரே பாலினத்துக்குள் அடைபட்டால் பால் மாறக்கூடிய தவளைகள் உண்டு என்பதும் பிறகு தெரியவருகிறது. இரண்டையும் சேர்த்தால் விடை கிடைத்துவிடும். அதிர்ச்சி அடைகிறோம், ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. அறிவியலை அடித்தளமாகக் கொண்ட திரில்லர் நாவலின் சுவை முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எழுத்தாளர் ஒரு விதியைச் சொல்கிறார். அந்த விதி வில்லனையும் கதாநாயகனையும் மட்டுமல்ல, எழுத்தாளரையும் கட்ட வேண்டும். கட்டினால் கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கட்டாவிட்டால், எவ்வளவு அறிவியல் பேசினாலும் காதில் பூ சுற்றுவதாகவே படும்.

அறிவியல் சரியாக இருந்தாலே போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. ‘ஜுராசிக் பார்க்’கின் அடிப்படைக் கற்பனையே நடக்காத காரியம். நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவைகளின் எலும்புகளை ஆராய்ந்து 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்த எலும்புகள் கிடந்த சூழலில் டி.என்.ஏ. பிணைப்புகளில் பாதி சுமார் 521 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்று கணக்கிட்டது. உறைபனிப் பகுதியான கிரீன்லாந்தின் மண்ணிலிருந்து எடுத்த மிகப் பழைய டி.என்.ஏ.வுக்கே சுமார் 20 லட்சம் வயதுதான். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நாவலில் மிரட்டும் வெலாசிராப்டர்கூட உண்மையில் வான்கோழி அளவே இருந்த, இறகு முளைத்த விலங்கு. இத்தனை தெரிந்த பிறகும் நாவல் சலிக்கவில்லை. மரபணு கிடைத்தது என்ற ஒரு பொய்யை வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் காரணகாரியத்தோடு கட்டியிருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

ஆண்டி வெயர் எழுதிய ‘தி மார்ஷியன்’ இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. செவ்வாயில் வீசும் பெரும்புயலில் அடிபட்டு ஒரு விண்வெளி வீரர் தனியே விடப்படுவதுதான் அதன் தொடக்கம். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே வீசும் காற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது. இது தெரிந்தே எழுதியதாக வெயரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் சலுகை எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. உருளைக்கிழங்கு பயிரிடத் தண்ணீர் வேண்டும். எரிபொருளான ஹைட்ரசீனைச் சிதைத்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்தால் தண்ணீர் வரும். பள்ளிப் பாடம்தான். கூடாரத்துக்குள் எரியாத ஹைட்ரஜன் தேங்கிவிட்டது தெரிந்ததும் கதாநாயகன் காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கிறான். அப்படியும் வெடிக்கிறது. தான் வெளிவிடும் மூச்சிலும் ஆக்சிஜன் இருக்கும் என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. இழுத்த ஆக்சிஜன் முழுவதையும் நுரையீரல் எடுத்துக்கொள்வதில்லை என்பது நமக்கும் தெரியும். நாமும் மறந்துதான் இருந்தோம். நமக்கும் அவனுக்கும் ஒரே இடத்தில் சறுக்குகிறது. அந்த நெருக்கத்தை எந்தத் துரத்தல் காட்சியாலும் கொடுக்க முடியாது.

விதி எளிமையாக இருக்க இருக்க அச்சம் கூடும். கண் மருத்துவரான ராபின் குக் 1977-ல் எழுதிய ‘கோமா’வில் அதிசயக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட அறுவை அரங்கில் மட்டும் ஆரோக்கியமான நோயாளிகள் மயக்கத்திலிருந்து எழாமல் போகிறார்கள். ஆக்சிஜன் குழாயோடு கார்பன் மோனாக்சைடு கலந்துவிடப்படுகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். மூளை பட்டினி கிடந்து செத்துப்போகும். படித்து முடித்தவரால் மருத்துவமனைக் கூரையில் ஓடும் குழாய்களை முன்போலப் பார்க்க முடியாது.

எரிச்சலூட்டும் நாவல்கள் இரண்டு வகையாக இந்த ஒப்பந்தத்தை மீறுகின்றன. அறிவியலை அலங்காரமாகத் தொங்கவிடுவது முதல் வகை. டான் பிரவுனின் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ நாவலில், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னிலிருந்து கால் கிராம் எதிர்ப்பொருள் (ஆன்டிமேட்டர்) திருடப்பட்டு வாடிகனில் ஒளித்துவைக்கப்படுகிறது. செர்ன் இதுவரை உருவாக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு மின்விளக்கைச் சில நிமிடங்கள் எரிக்கத்தான் போதும் என்று அந்த மையமே விளக்கம் சொல்லியிருக்கிறது. முதல் பொய்யை மன்னிக்கலாம் என்று சொன்ன பிறகு இதை ஏன் குறை சொல்ல வேண்டும்? ஒன்று, நாவல் தன் தொடக்கத்திலேயே உண்மை என்று தலைப்பிட்டு இந்தச் சங்கதிகளை முன்வைக்கிறது. கற்பனைக்குக் கேட்க வேண்டிய அனுமதியைக் கேட்காமல், உண்மைக்குரிய மரியாதையை எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று, எதிர்ப்பொருளை எடுத்துவிட்டு அங்கே சாதாரண நேரவெடிகுண்டை வைத்தாலும் கதையின் ஓட்டம் பெரிதாக மாறாது. எதிர்ப்பொருளை அடைத்துவைத்த கலனின் மின்கலம் 24 மணி நேரம்தான் தாங்கும், பிறகு வெடிக்கும் என்ற கெடு விறுவிறுப்பைத் தருகிறது என்பது உண்மைதான். அந்தக் கெடுவை எந்தக் கடிகாரமும் தந்திருக்கும்.

பிரசங்கம் இரண்டாவது வகை. இதற்கு உதாரணம் அதே கிரைட்டன்தான். 2004-ல் வந்த அவருடைய ‘ஸ்டேட் ஆஃப் ஃபியர்’ பருவநிலை மாற்றம் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிடுகிறது. வரைபடங்கள், அடிக்குறிப்புகள், பின்னிணைப்புகள் என்று பக்கங்கள் நிறைகின்றன. அறிவியலாளர்கள் பலர் அதன் முடிவுகளைக் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பை ஒதுக்கிவைத்துவிட்டு நாவலாக மட்டும் பார்த்தாலும் அது தோற்கிறது. ஆசிரியரின் கட்சியைப் பேசும் பாத்திரம் ஒவ்வொரு விவாதத்திலும் வெல்கிறது. எதிர்க்கட்சி பேசும் நடிகர் நரமாமிசம் தின்னும் கூட்டத்திடம் சிக்கிச் சாகிறார். முடிவு முன்பே தெரிந்த வழக்கில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும்? ‘ஜுராசிக் பார்க்’கின் எண்கள், நிபுணர்கள் நம்பியது தப்பு என்று காட்டின. இந்த நாவலின் எண்கள் ஆசிரியர் சொல்வதற்குத் தலையாட்டவே வருகின்றன.

கதைதானே, இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மந்திரக் கதையில் கம்பளம் பறப்பதை ஒப்புக்கொள்ளும் நாம் இங்கே மட்டும் ஏன் கணக்குக் கேட்க வேண்டும்? இது நடக்கக்கூடியது என்று சொல்லித்தான் இந்த நாவல்கள் நம்மைப் பயமுறுத்துகின்றன. ரிச்சர்ட் பிரஸ்டனின் ‘தி கோப்ரா ஈவன்ட்’ நாவலைப் படித்துக் கலங்கிய அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், உயிரியல் ஆயுத அபாயம் பற்றி அதிகாரிகளிடம் விசாரித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. மந்திரக் கம்பளத்தைப் படித்து யாரும் விமானப்படையைக் கூட்டுவதில்லை. நம்பிக்கையை மூலதனமாக்கும் எழுத்து அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விதியும் கணக்கும் இருந்து மனிதர்கள் மரப்பாச்சிகளாக இருந்தால் என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. இந்த நாவல்களின் பாத்திரங்கள் பல, பெயர் ஒட்டிய பதவிகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தன் கணக்கு தப்பிய நொடியில் ஒருவர் அதை மறைக்கிறாரா, ஒப்புக்கொள்கிறாரா, திரும்பப் போட்டுப் பார்க்கிறாரா என்பதில் குணம் வெளிப்படும். விதி உறுதியாக இருக்கும் கதையில்தான் அந்த நொடி வரும்.

கிரைட்டனின் ‘தி ஆந்த்ரமீடா ஸ்ட்ரெய்ன்’ (1969) என் வாதத்துக்குக் கடினமான சோதனை. விண்கலத்தோடு வந்த நுண்ணுயிர் ஒரு சிற்றூரையே கொன்றுவிடுகிறது. ஒரு கிழவரும் ஓயாமல் அழும் ஒரு கைக்குழந்தையும் மட்டும் பிழைக்கிறார்கள். கிழவரின் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறது. அழுது அழுது மூச்சுவாங்கிய குழந்தையின் ரத்தத்தில் அது குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறிய இடைவெளியில்தான் அந்த உயிர் வளரும். அருமையான விடை. ஆனால் அது பயன்படுவதற்கு முன்பே நுண்ணுயிர் தானாக மாறித் தீங்கற்றதாகிவிடுகிறது. முடிவு சப்பென்றிருக்கிறது என்று பல வாசகர்கள் குறைபடுவதும் இதனால்தான். அந்தக் குறை நியாயமானது. கிருமிகள் உருமாறும் என்பது உண்மை. ஆனாலும், உண்மையாக இருப்பதாலேயே அது கதையின் விடையாகிவிடாது. கடைசிப் பக்கங்களைக் காப்பாற்றுவது வேறொரு விதி: கிருமி வெளியேறாமல் தடுக்க, அதை ஆராயும் ஆய்வுக்கூடத்தின் அடியில் வைத்த அணுகுண்டு வெடித்தால், அந்த ஆற்றலைத் தின்று கிருமி பெருகும். அது முன்பே சொல்லப்பட்டது. அதனால் அங்கே மூச்சடைக்கிறது.

தமிழில் இந்தச் சுவையைப் பழக்கிய சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ என்ற இயந்திர நாயை வாசகர்கள் மறக்காததற்குக் காரணம் அதன் மின்சுற்றுகள் அல்ல. அது படிக்கப் படிக்க யோசிக்கத் தொடங்குகிறது. அந்த யோசனைதான் கதையின் போக்கைத் திருப்புகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு நாவலை முடித்ததும் உடனே மூடி வைத்துவிடாதீர்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டி, அதற்கான விதி எங்கே சொல்லப்பட்டது என்று தேடுங்கள். அந்தப் பக்கம் கிடைத்தால், தொடக்கத்தில் சொன்ன பொய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த எழுத்தாளர் உங்களை மதித்திருக்கிறார். கிடைக்காவிட்டால், பின்னட்டையில் எத்தனை விஞ்ஞானிகள் பாராட்டியிருந்தாலும் அவருடைய அடுத்த நாவலுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.