சொன்னது தப்பா சார்?

எனக்கு ஒரு வியாதி உண்டு சார். டாக்டரிடம் காட்ட முடியாத வியாதி. ஒரு பொருள் நல்லா இருந்துவிட்டால் போதும், அதை நாலு பேரிடம் சொல்லாமல் ராத்திரி தூக்கம் வராது. டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர், 'நான் உன்னைக் கேட்டேனா?' என்கிற மாதிரி பார்ப்பார். விடமாட்டேன்.

இதுவரை பெரிய சேதாரம் இல்லை. நான் சிபாரிசு செய்த பவானி ஜமக்காளம் எங்கள் செக்‌ஷனில் ஆறு பேச்சிலர் ரூம்களில் விரிந்து கிடக்கிறது. கட்டில், சோபா, டைனிங் டேபிள் எல்லாம் அதுவேதான். கெட்டியான நெசவு. மேலே டீ கொட்டினால்கூட இன்னொரு கோடு சேர்ந்தது போல இருக்குமே தவிர, அசிங்கமாகத் தெரியாது.

அடுத்தது மண்பானை. பானைச் சுவரில் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் ரகசியம். ஆனால் சென்னையில் புழுக்கம் ஜாஸ்தியான நாளில் பானையும் நம்மைப் போலவே சோர்ந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதால் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

என்னைக் கவிழ்த்தது தோசைக்கல்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். செடி, பழைய நாற்காலி, ஓடாத கடிகாரம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். ஆபீஸில் 'பல் வலி' என்று பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். ஒரு சாக்கின் மேல் கைப்பிடி இல்லாத குக்கருக்கும் சாவி இல்லாத பூட்டுக்கும் நடுவே, கரேலென்று மழமழவென ஓர் இரும்பு தோசைக்கல். 300 என்றார். 180-க்கு முடித்தேன்.

ரூமுக்கு வந்து கழுவி, பாக்கெட் மாவை ஊற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கரண்டியைக் காட்டியதுமே தோசை எழுந்து வந்தது! அதுவரை ரூமில் இருந்தது உடம்பெல்லாம் கீறலோடு ஒரு நான்ஸ்டிக் தவா. அந்த டெஃப்லான் சமாசாரத்தையே 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்கிற விஞ்ஞானி, ஃப்ரிட்ஜுக்கான வாயுவை ஆராயப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தார். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பித்துவிடும். காலித் தவாவை அடுப்பில் ஏற்றிவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போகிற எங்களுக்கு அது லாயக்கில்லை. இரும்புதான் சரி.

அப்புறம் என்ன? மறுநாளே பக்கத்து சீட் நண்பனிடம் ஆரம்பித்துவிட்டேன். சாதாரண நண்பன் இல்லை. நான் லேட்டாக வரும் நாளெல்லாம் மேனேஜரிடம், "இப்பத்தான் கேன்டீன் போனான் சார்" என்று காப்பாற்றுகிறவன். புதுசாகக் கல்யாணம் ஆனவன். காதல் கல்யாணம். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த மாமனார், மாமியாரோடு முதல் தடவையாக அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.

"இரும்புக் கல் வாங்குடா. நீயே தோசை சுட்டுப் போடு. மனுஷன் அசந்துடுவார்" என்றேன்.

வாங்கினான். பாத்திரக் கடையில், பளபளவென்று புத்தம் புதுசாக. மாமனார் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, முதலாவதோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டிச் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறான். அவர் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாராம்: "உப்புமா நல்லா இருக்கு தம்பி."

திங்கள்கிழமை என் டேபிளுக்கு வந்தான். "மாப்ளைன்னு வரவேண்டிய வாய்ல தம்பின்னு வந்துடுச்சு. உன்னாலதான்டா" என்றான். அதோடு பேச்சு கட். அந்த வாரம் நான் லேட்டாக வந்தபோது மேனேஜர் கேட்டிருக்கிறார். "தெரியாது சார்" என்றிருக்கிறான். எனக்கு மெமோ.

மெமோகூடப் பரவாயில்லை சார். மதியம் டிபன் பாக்ஸைத் தனியாகத் திறப்பது இருக்கிறதே...

ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் புலம்பினேன். அம்மா சிரித்த சிரிப்பில் போனை தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "கல்லைப் பழக்கினானாடா? உன்னோடது யாரோ ஒரு பாட்டி வருஷக்கணக்கா எண்ணெய் தடவிப் பழக்கின கல்லு. அந்தப் புண்ணியவதி சுட்ட தோசைக்கெல்லாம் நீ பேர் வாங்கிட்டுத் திரியறே!"

இரும்பைச் சொன்னேனே தவிர, பாட்டியைச் சொல்ல மறந்திருக்கிறேன்!

புதன்கிழமை ராத்திரி அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவிதான், "வாங்கண்ணா" என்றார். சமையலறைக்குப் போய், அம்மா சொன்னபடி கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட்டேன். தினம் தண்ணீரை மாற்றி, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். அதை அவர் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை கல்லைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயைத் தடவினோம். தடவுவது என்றால் குளிப்பாட்டுவது அல்ல. தடவியதில் பாதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஜாஸ்தியானால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். திரும்பத் தடவு, திரும்பச் சூடாக்கு. சூட்டில் எண்ணெய் இறுகி இரும்பின் மேல் மெல்லிய தோல் மாதிரி படிகிறது. தோசை ஒட்டாமல் காப்பாற்றுவது அந்தத் தோல்தான். மூன்றாவது தடவை புகை வந்தபோது நண்பன் தும்மிக்கொண்டே உள்ளே வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டான். நாலாவது தடவை துணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

கடைசியாக ஒரு வெங்காயத்தை நறுக்கி அந்தக் கல்லில் வதக்கிக் கொட்டினோம். அதன்பின் தோசை. முதல் இரண்டும் ஓரத்தில் கிழிந்தன. மூன்றாவது முழுசாக வந்தது. அதை அவன் என் தட்டில் போட்டான். பேசவில்லை. சட்னியைத் தள்ளி வைத்தான்.

அம்மா சொன்ன மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லை சிங்க்கில் ஊறப்போட்டால் துரு பிடிக்கும். புதுக் கல்லில் புளி, தக்காளி ஆகாது, பழக்கினது கரைந்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். வார்ப்புக் கல்லாக இருந்தால் கீழே போடாதீர்கள், உடைந்துவிடும்.

தீபாவளிக்கு மாமனார் திரும்ப வந்திருந்தார். ஐந்து தோசை சாப்பிட்டாராம். இன்னமும் 'தம்பி'தான். ஆனால் கிளம்பும்போது, "இதே மாதிரி பழகின கல்லு ஒண்ணு எங்களுக்கும் பார்த்து வைங்க தம்பி" என்றிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் போகிறோம், ரெண்டு பேரும். ஒரே நாளில் ரெண்டு பேருக்கும் பல் வலி என்றால் மேனேஜர் நம்புவாரா சார்?