வகுத்தலிற் பிறக்கும் பின்னம்: சிறுவர்க்குக் கற்பிக்கும் நெறி

முழுவெண்களைக் கூட்டினும் பெருக்கினும் முழுவெண்ணே விடையாக வரும். வகுத்தல் அவ்வாறன்று. 12ஐ 4ஆல் வகுக்க 3 கிடைக்கும். 3ஐ 4ஆல் வகுக்குமிடத்து முழுவெண் எதுவும் விடையாகாது. ஆரம்ப வகுப்புகளில் 'மூன்றில் நான்கு அடங்காது' என்று கூறி இவ்விடத்தை நாம் கடந்துவிடுகின்றோம். பின்னத்தைக் கற்பிக்கும் காலத்திலோ, ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்று பகுதிகளுக்கு நிறந்தீட்டி, அதுவே 3/4 என்கின்றோம். வகுத்தலுக்கும் பின்னத்துக்கும் உள்ள உறவு கூறப்படாமலே போகின்றது. இதனால், 3 ÷ 4 என்னுங் கணக்கைக் காணும் மாணவர் சிலர் எண்களை இடம் மாற்றி, 4ஐ 3ஆல் வகுத்துவிடுகின்றனர். பெரிய எண்ணையே சிறிய எண்ணால் வகுக்கலாம் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு அவர்கள் தாமாகக் கொண்டதன்று, நாம் ஊட்டியதே.

இவ்வுறவை உணர்த்துதற்குப் பங்கீடே தக்க வாயிலாகும். 3 ரொட்டிகளை 4 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடுமாறு கேட்போம். விடையை முற்கூட்டிச் சொல்லாது, கடதாசி வட்டங்களை வெட்டிப் பார்க்க விடுதல் வேண்டும். இரு வழிகள் தோன்றக்கூடும். ஒவ்வொரு ரொட்டியையும் நான்காக வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஆளுக்கொரு கால் கொடுத்தல் ஒன்று. ஒருவர் பெறுவது மூன்று கால். இரண்டு ரொட்டிகளைப் பாதியாக்கி ஆளுக்கு அரையும், எஞ்சியதை நான்காக்கி ஆளுக்குக் காலும் கொடுத்தல் மற்றொன்று. துண்டுகளை ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்ப்பின் இரண்டும் ஒரேயளவு என்பது புலனாகும். முக்கால் என்னும் நம் சொல்லே மூன்று கால் என்னும் பொருளது. ஆதலின் முதல் வழியின் விடை தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது.

இரண்டாம் வழி மிகப் பழையது. கி.மு. 1550 அளவில் ஆமெசு என்னும் எழுத்தர் பிரதிசெய்த எகிப்தியக் கணித ஏடாகிய றைண்ட் பப்பைரசுச் சுருளில், 6 ரொட்டிகளை 10 பேருக்குப் பங்கிடுங் கணக்கொன்று உண்டு. அதன் விடை 1/2 + 1/10 ஆகும். ஐந்து ரொட்டிகளைப் பாதியாக்கி ஆறாவதைப் பத்தாக்கினால் இவ்விடையே வரும்.

ஈண்டு ஆசிரியர் கவனிக்கவேண்டிய இடர் ஒன்றுளது. 12 துண்டுகளுள் 3 கிடைத்தமையால் விடை 3/12, அதாவது 1/4, எனச் சில பிள்ளைகள் கூறக்கூடும். அவர்கள் கூற்று முற்றும் பொருளற்றதன்று. மூன்று ரொட்டிகளையும் சேர்த்து ஒரு முழுமையாகக் கொண்டால் ஒருவர் பங்கு அதன் காலே. ஆயின் 3 ÷ 4 என்பது ஒருவருக்கு எவ்வளவு ரொட்டி என்று வினவுகின்றது. இங்கு அலகு ஒரு ரொட்டியே. ஆகவே, 'எதன் கால்? எதன் முக்கால்?' என்னும் வினாவை இடையறாது எழுப்புதல் வேண்டும்.

மிகுதி வரும் வகுத்தலையும் இதனோடு இணைத்துக் காட்டலாம். 7 ரொட்டிகளை இருவர்க்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றரை. 7 போளைகளைப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று, மிகுதி ஒன்று. எண்கள் அவையே, வெட்டத்தகும் பொருளா அன்றா என்பதே விடையின் வடிவைத் தீர்மானிக்கின்றது.

இவ்வாறு 2 ÷ 3, 3 ÷ 5, 5 ÷ 4 எனப் பல கணக்குகளைச் செய்தபின், வகுபடும் எண் தொகுதியெண்ணாகவும் வகுக்கும் எண் பகுதியெண்ணாகவும் அமைவதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். பின்னக்கோடு வகுத்தற் குறியே என்பதை அதன்பின்னரே நாம் கூறுதல் தகும். 'அடங்காது' என்று முடிந்த கணக்கு அப்போது அவர்களுக்கு விடையுள்ள கணக்காகிவிடும்.